ஆடிட்டர் போர்ட்டலில் நீங்கள் ஏற்றும் ஃபார்ம் 16 எங்கே போகிறது?

ஜூன் 15 நெருங்கினால் சம்பளக்காரர்களின் மெயில் பெட்டியில் ஒரு பிடிஎஃப் வந்து உட்கார்ந்துவிடும். அதுதான் ஃபார்ம் 16. முன்பெல்லாம் அதைப் பிரின்ட் எடுத்து, ஆதார் ஜெராக்ஸோடு ஒரு கவரில் போட்டு, ஆடிட்டர் ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு வருவோம். அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்பப் பழகினோம். இப்போது பல ஆபீஸ்களில் இருந்து வேறு மாதிரி மெசேஜ் வருகிறது: “சார், எங்க போர்ட்டல்ல லாகின் பண்ணி டாக்குமெண்ட்ஸ் அப்லோட் பண்ணிடுங்க. லாஸ்ட் டேட் வரைக்கும் வெயிட் பண்ண வேண்டாம்.”

நாமும் பஸ்ஸில் போய்க்கொண்டே நாலு ஃபைலை ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று போனைப் பையில் போட்டுக்கொள்கிறோம். அந்த ஃபைல் அதன் பிறகு எங்கே இருக்கிறது, யார் யார் பார்க்கலாம், எத்தனை வருஷம் இருக்கும்? கேட்கத் தோன்றுவதே இல்லை.

ஒருமுறை அந்த ஃபார்ம் 16-ஐப் பொறுமையாகத் திறந்து பாருங்கள். உங்கள் பெயர், முகவரி, பான் எண், வேலை பார்க்கும் நிறுவனம், வருடச் சம்பளம், பிடித்தம் செய்த வரி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். பழைய வரி முறையில் இருப்பவர் என்றால் வீட்டுக் கடன் வட்டி, இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாமே தெரியும். கூடவே ஏற்றுகிற பேங்க் ஸ்டேட்மெண்ட் இன்னும் ஒரு படி மேலே. எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு கட்டினீர்கள், மாதாமாதம் யாருக்குப் பணம் அனுப்புகிறீர்கள் என்பதுவரை அதில் உண்டு. சொந்தக்காரர்களிடம்கூட நாம் சொல்லாத விஷயங்கள் இவை.

ஒரு நல்ல போர்ட்டல் இதை எப்படிக் காப்பாற்ற வேண்டும், காப்பாற்றுகிறதா என்று உங்கள் போனை வைத்தே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம் என்பதைப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஆடிட்டர் ஆபீஸை எடுத்துக்கொண்டாலும், ரத்தப் பரிசோதனை லேப், இன்சூரன்ஸ் கம்பெனி, ஃபைனான்ஸ் கம்பெனி எல்லாவற்றின் வாடிக்கையாளர் போர்ட்டலுக்கும் இது பொருந்தும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன தப்பு?

வாட்ஸ்அப் செய்தியை வழியில் யாரும் படிக்க முடியாது, உண்மைதான். ஆனால் போய்ச் சேருகிற இடம்? ஆபீஸில் ஒரு ஸ்டாஃபின் சொந்த போன். அந்த போனின் கேலரியில் உங்கள் பான் கார்டு அவர் வீட்டுக் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனாலும் ஃபைல் அவரோடுதான் போகும். போன் தொலைந்தால் அதுவும் சேர்ந்து தொலையும். கெட்ட எண்ணம் யாருக்கும் தேவையே இல்லை, இது அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிற ஓட்டை.

போர்ட்டல் வருவது இதைச் சரிசெய்யத்தான். எல்லாருடைய ஃபைலும் ஒரே இடத்தில், பூட்டுக்குள், யார் திறந்தார் என்ற கணக்கோடு இருக்கும். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால், பூட்டு சரியில்லை என்றால் எல்லாருடையதும் ஒரே நேரத்தில் போகும்.

வாசலில் இருக்கும் பூட்டு

பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பான தளம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதை இப்போது கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். முகவரி ஹெச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால், உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகிற தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான் அர்த்தம். அந்தத் தளம் நேர்மையானதா என்பதற்கு அது சர்டிபிகேட் கிடையாது. போலித் தளங்களும் இதே பூட்டை வாங்கி மாட்டிக்கொள்கின்றன. இதனால்தான் கூகுள் குரோம் 2023-ல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு படம் வைத்தது. பூட்டு இல்லாத தளத்தில் எதையும் ஏற்றாதீர்கள். பூட்டு இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பியும் விடாதீர்கள். போர்ட்டல் லிங்க்கை ஆபீஸுக்கு நேரில் போகும்போதோ, ஏற்கெனவே தெரிந்த நம்பரில் பேசும்போதோ கேட்டு வாங்கி, புக்மார்க் செய்துகொள்வது நல்லது.

அடுத்தது பாஸ்வேர்டு. ஒழுங்கான போர்ட்டல் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்காது. இட்லிக்கு அரைப்பதுபோல அதை அரைத்து மாவாக்கித்தான் வைக்கும். அரிசியை மாவாக்கலாம், மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. நீங்கள் லாகின் செய்யும்போது நீங்கள் தட்டியதை அதே மாதிரி அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கும். ஒவ்வொருவர் மாவிலும் தனித்தனியாக ஏதோ ஒன்றைக் கலப்பார்கள், ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கும் இரண்டு பேருடைய மாவும் ஒன்றுபோல இருந்துவிடக் கூடாது என்பதற்காக. கம்ப்யூட்டர்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே ‘சால்ட்’, அதாவது உப்பு!

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ பொத்தானை அழுத்துங்கள். புதிதாக வைத்துக்கொள்ள ஒரு லிங்க் வந்தால் சரி. “உங்கள் பாஸ்வேர்டு இதுதான்” என்று பழைய பாஸ்வேர்டே மெயிலில் வந்தால், அரிசி அரிசியாகவே மூட்டையில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த போர்ட்டலில் இனி எதையும் ஏற்ற வேண்டாம். அதே பாஸ்வேர்டை வேறு எங்கே வைத்திருந்தாலும் உடனே மாற்றிவிடுங்கள்.

ஆபீஸே முதல் பாஸ்வேர்டை வைத்துக் கொடுப்பதும் உண்டு. பெரும்பாலும் அது உங்கள் பான் எண்ணாகவோ பிறந்த தேதியாகவோ இருக்கும். முதல் லாகினிலேயே அதை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாத போர்ட்டல் அரைகுறை போர்ட்டல்தான். பாஸ்வேர்டுக்கு மேல் ஓடிபியோ, ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் வரும் எண்ணோ கேட்கிறதா, தொடர்ந்து தப்பாகத் தட்டினால் கணக்கு பூட்டிக்கொள்கிறதா, கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தானாக வெளியே போகிறதா என்பதையும் கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது எரிச்சலாகத்தான் இருக்கும். பிரவுசிங் சென்டரில் லாகின் செய்துவிட்டு மறந்து எழுந்து வந்த ஒருவரைக் காப்பாற்றுவது அந்த எரிச்சல்தான்.

உள்ளே நுழைந்த பிறகுதான் விஷயமே

நம்மில் பலரும் பாதுகாப்பு என்றால் லாகின் பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். பெரிய ஓட்டைகள் பல உள்ளேதான் இருக்கின்றன.

ஒரு கூரியர் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போகிறீர்கள். உள்ளே பார்சல்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. “உங்க நம்பர் என்ன?” என்று கேட்கிறார்கள். 4517 என்று சொல்கிறீர்கள், எடுத்துக் கொடுக்கிறார்கள். 4518 என்று சொல்லியிருந்தால்? அதையும் எடுத்துக் கொடுப்பார்கள் என்றால், வாசலில் அடையாள அட்டை பார்த்து என்ன பிரயோஜனம்?

போர்ட்டல்களில் இது அப்படியே நடக்கிறது. உங்கள் ஃபைலைத் திறக்கும்போது பிரவுசரின் முகவரியில் ஒரு எண் தெரியும். அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டினால் அடுத்தவர் ஃபைல் திறந்துவிடுகிற மாதிரி கட்டிய தளங்கள் உலகம் முழுக்க இருந்திருக்கின்றன. அமெரிக்காவில் வீட்டுப் பத்திரங்களுக்கு இன்சூரன்ஸ் கொடுக்கும் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற பெரிய நிறுவனத்தின் தளத்தில் இதே ஓட்டை இருந்ததை 2019 மே மாதம் பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளர் வெளியே கொண்டுவந்தார். அங்கே லாகின்கூடத் தேவைப்படவில்லை. ஒரு ஆவணத்தின் லிங்க் கையில் இருந்தால் போதும், எண்ணை மாற்றி மாற்றி மற்றவர்களுடையதைத் திறக்கலாம். அப்படித் திறந்து கிடந்தவை சுமார் 88.5 கோடிப் பதிவுகள். வங்கிக் கணக்கு எண், வரி ஆவணம், ஓட்டுநர் உரிமப் படம் எல்லாம் அதில் இருந்தன. 2023 நவம்பரில் நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறை அந்த நிறுவனத்துக்கு 10 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

இதில் ஹேக்கர் என்று யாரும் இல்லை. பாஸ்வேர்டு திருட்டும் இல்லை. ‘இந்த ஃபைலைக் கேட்பவருக்கு அதைப் பார்க்க உரிமை இருக்கிறதா?’ என்ற ஒரு கேள்வியை சாஃப்ட்வேர் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு எச்சரிக்கை. நம்ம ஆடிட்டர் போர்ட்டல் எப்படி என்று பார்ப்போமே என எண்ணை மாற்றித் தட்டிப் பார்க்காதீர்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் தகவலைத் திறப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி உங்கள் மேலேயே திரும்பலாம். தற்செயலாக வேறொருவர் ஃபைல் உங்களுக்குத் திறந்துவிட்டால், டவுன்லோட் செய்யாமல் மூடிவிட்டு, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு நடந்தது என்று ஆபீஸுக்கு மெயில் போடுங்கள். நீங்கள் சோதிப்பதற்குப் பதிலாக ஆபீஸிடம் கேட்கலாம்: “இந்த சாஃப்ட்வேரை வெளி ஆளை வைத்து செக்யூரிட்டி டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா? கடைசியா எப்போ?” பதில் சொல்லத் தடுமாறினாலும் பரவாயில்லை, அவர்கள் தங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியிடம் இதே கேள்வியைக் கேட்க அது ஒரு தொடக்கம்.

ஆபீஸுக்குள் யார் பார்க்கலாம்?

ஆடிட்டர் ஆபீஸில் ஆடிட்டர் மட்டும் இருப்பதில்லை. சி.ஏ. படிக்கும் ஆர்ட்டிகிள் பசங்க, அக்கவுண்டன்ட், ரிசப்ஷன், சீசனுக்கு மட்டும் வருபவர்கள் என்று பலர் உண்டு. உங்கள் கணக்கைப் பார்ப்பவருக்கு மட்டும் உங்கள் ஃபைல் திறக்க வேண்டும், மற்றவர்களுக்குத் திறக்கக் கூடாது. ரிசப்ஷனில் இருப்பவருக்கு உங்கள் பெயரும் போன் நம்பரும் தெரிந்தால் போதும், சம்பளம் தெரிய வேண்டியதில்லை. நல்ல போர்ட்டலில் இப்படி ஆளுக்கு ஆள் அனுமதியைப் பிரித்துக் கொடுக்கலாம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ஆபீஸ் முழுக்க ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு, அதுவும் மானிட்டரில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருக்கும். அங்கே எவ்வளவு விலையுயர்ந்த சாஃப்ட்வேர் இருந்தாலும் பயனில்லை. யார், எந்த ஃபைலை, எப்போது திறந்தார் என்று போர்ட்டல் தானாக எழுதிவைக்கும் பதிவேட்டுக்கு ‘லாக்’ என்று பெயர். பத்துப் பேர் ஒரே பெயரில் உள்ளே போனால் அந்தப் பதிவேட்டில் ஒரே பெயர்தான் இருக்கும். நாளைக்கு ஒரு தகவல் வெளியே போனால் யாரைக் கேட்பது? வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை அன்றைக்கே மூடுவதும் இதில் சேரும். இது டெக்னாலஜி விஷயமே இல்லை, ஆபீஸ் ஒழுங்கு.

சர்வரும் பேக்கப்பும்

சின்ன ஆபீஸ்கள் பெரும்பாலும் சொந்தமாக சாஃப்ட்வேர் எழுதுவதில்லை, ரெடிமேடாக வாடகைக்கு எடுக்கின்றன. உங்கள் ஃபைல் உட்காருவது வேறொரு கம்பெனியின் சர்வரில். அங்கே அது என்கிரிப்ட் ஆகி, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவில் இருக்க வேண்டும். சாவியையும் பூட்டையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பது இங்கேயும் பொருந்தும். சர்வருக்கு ஏதாவது ஆனால் மீட்க பேக்கப் வேண்டும். கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் பேக்கப்பையும் சேர்த்துத் தேடுகின்றன என்பதால், ஒரு பிரதி தனியாக, நெட்டோடு இணையாமல் இருப்பது நல்லது.

“அது சாஃப்ட்வேர் கம்பெனி பிரச்சினை, எங்களுக்குத் தெரியாது” என்று ஆபீஸ் சொல்ல முடியுமா? புதிய தரவுச் சட்டப்படி முடியாது. உங்களிடம் தகவலை வாங்கியவர்தான் பொறுப்பு, வேலையை வேறு யாரிடம் ஒப்படைத்திருந்தாலும். அந்தச் சட்டத்துக்கு வருவோம், அதற்கு முன்னால் நம் பக்கம் இருக்கும் இரண்டு விஷயங்கள்.

கொடுக்காத தகவல் கசியாது

ஆடிட்டர் ஆபீஸ் ஆதார் கேட்டால் முழு ஆதாரைத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை யுஐடிஏஐ-யின் மை ஆதார் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். முழு எண் கட்டாயம் தேவைப்படும் வேலை என்றால், எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டால், “வட்டி சர்டிபிகேட் மட்டும் போதுமா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். சம்பளமும் சேமிப்புக் கணக்கு வட்டியும் மட்டும் உள்ளவருக்குப் பல நேரம் அதுவே போதும்.

“பிடிஎஃப்-க்குப் பாஸ்வேர்டு இருக்கே, அப்புறம் என்ன பயம்?” என்று நினைக்கலாம். அந்தப் பாஸ்வேர்டுகளைக் கொஞ்சம் பாருங்கள். இ-ஆதாரின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும். வருமான வரித் தளத்தில் எடுக்கும் ஏஐஎஸ் அறிக்கைக்குப் பான் எண்ணும் பிறந்த தேதியும். இந்த ஃபார்முலா ஊருக்கே தெரியும், அந்தந்தத் தளத்திலேயே எழுதியிருக்கும். உங்கள் பான் கார்டு படம் ஒருவர் கையில் இருந்தால் பெயர், பான், பிறந்த தேதி மூன்றுமே அதில் இருக்கின்றன. அதாவது பான் கார்டையும் ஏஐஎஸ் பிடிஎஃப்-ஐயும் ஒரே ஃபோல்டரில் வைத்தால், பெட்டியோடு சாவியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி.

இரண்டாவது விஷயம், வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டு. “உங்க ஐ.டி. போர்ட்டல் பாஸ்வேர்டு அனுப்புங்க மேடம், நாங்களே பார்த்துக்கிறோம்” என்பது இங்கே ரொம்ப சாதாரணம். பல வருஷப் பழக்கம், நம்பிக்கையில் நடக்கிறது. ஆனால் அந்தப் பாஸ்வேர்டு உள்ளவர் உங்கள் பழைய ரிட்டர்ன்கள் எல்லாவற்றையும் பார்க்கலாம், ரீஃபண்ட் போகும் வங்கிக் கணக்கு விவரம் வரை. பாஸ்வேர்டு தராமலே வேலை நடக்க வழி இருக்கிறது. பதிவு செய்த இ-ரிட்டர்ன் இடைநிலையாளர்கள் உங்கள் ஓடிபி சம்மதத்தோடு உங்களைத் தங்கள் வாடிக்கையாளராகச் சேர்த்துக்கொண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். அதோடு, அந்தத் தளத்திலேயே ‘இ-ஃபைலிங் வால்ட்’ என்று ஒரு வசதி உண்டு. அதை ஆன் செய்தால், பாஸ்வேர்டு மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் நுழைய முடியாது, ஆதார் ஓடிபி போன்ற இன்னொரு சான்றும் வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் உடனே நடைமுறைக்கு வரவில்லை. 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது, அதாவது 2027 மே வரை.

மேலே நாம் பார்த்த பலவும் அந்த விதிகளில் இருக்கின்றன. தகவலை என்கிரிப்ட் செய்வது அல்லது மறைத்து வைப்பது, யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு, லாக் பதிவேட்டை ஒரு வருஷம் வைத்திருப்பது, பேக்கப் எல்லாமே. தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்ல வேண்டும், முழு விவரத்தை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போகலாம். நமக்கு உபயோகமான இன்னொன்று, எந்தத் தகவலை எதற்காக வாங்குகிறார்கள் என்ற அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் கேட்டுப் படிக்கலாம். தமிழ் அதில் உண்டு. நாலு பக்க ஆங்கிலத்துக்குக் கீழே ‘ஐ அக்ரீ’ என்று கண்ணை மூடிக்கொண்டு தொட வேண்டியதில்லை.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த 250 கோடி பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது, இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். நஷ்டஈடு கேட்க இப்போது இருக்கும் வழி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. பாஸ்வேர்டு, நிதி விவரம், உடல்நல விவரம் போன்றவற்றை அலட்சியமாக வைத்திருந்த நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் தீர்ப்பு அலுவலராக இருந்து விசாரிப்பார். தமிழ்நாட்டில் இந்த முறையில் ஏற்கெனவே உத்தரவுகள் வந்திருக்கின்றன. போலி மெயில் மூலம் ஒரு வாடிக்கையாளர் கணக்கில் இருந்து பணம் போன வழக்கில், சுமார் 12.85 லட்சம் ரூபாய் தரும்படி ஒரு தனியார் வங்கிக்கு 2010-ல் இங்கே உத்தரவு போடப்பட்டது. அது மேல்முறையீட்டுக்கும் போனது. புதிய சட்டம் முழுமையாக அமலுக்கு வரும்போது 43ஏ பிரிவு நீக்கப்படும் என்பதையும் சேர்த்தே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கசிந்துவிட்டது என்று தெரிந்தால்

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடக்கிறது. 2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராம் சாட்பாட்டுகள் வழியாகக் கிடைப்பதாகச் செய்தி வந்தது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அப்படி ஒரு நாளில் நாம் செய்ய வேண்டியது என்ன?

பாஸ்வேர்டை மாற்றுவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பான், பிறந்த தேதி, சம்பள விவரம் போனால் அவற்றை மாற்ற முடியாது. அதை வைத்து இரண்டு விதமாக வருவார்கள். ஒன்று, உங்கள் பெயரில் கடன். ஆர்பிஐ விதிப்படி ஒவ்வொரு கிரெடிட் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கி, நீங்கள் வாங்காத கடன் எதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் அறிக்கையில் உங்களுக்குச் சம்பந்தம் இல்லாத வரவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, போன் கால். “சார், இன்கம் டாக்ஸ் ஆபீஸ்ல இருந்து பேசறோம், உங்க ரீஃபண்ட் பெண்டிங்ல இருக்கு” என்று தொடங்கி உங்கள் பான் எண், கம்பெனி பெயர், சம்பளம் எல்லாவற்றையும் அவரே சொல்வார். இவ்வளவு சரியாகச் சொல்கிறாரே, உண்மையாகத்தான் இருக்கும் என்று மனசு நம்பும். கசிந்த தகவலின் ஆபத்தே அந்த நம்பிக்கைதான். உங்கள் விவரம் தெரிந்திருப்பது யார் என்பதற்கான அத்தாட்சி ஆகாது. காலை வைத்துவிட்டு, உங்கள் ஆடிட்டரை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 1930-க்கு அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளமான சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்-ல் பதிவு செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை நடுவில் நிறுத்த வாய்ப்பு இருக்கும்.

ஆடிட்டரை மாற்றினால்?

வேலை மாறுகிறோம், ஊர் மாறுகிறோம், ஆடிட்டரையும் மாற்றுகிறோம். பழைய போர்ட்டலில் கிடக்கும் ஃபைல்களை யாரும் நினைப்பதில்லை. பல வருஷம் முன்பு ஏற்றிய ஆதார் படம் அங்கேயே இருக்கும். ரிட்டர்ன் தொடர்பான சில ஆவணங்களை, பின்னால் வரித்துறை கேட்டால் காட்டுவதற்காக ஆபீஸ் சில வருஷம் வைத்திருக்க வேண்டியிருக்கும், அது நியாயம்தான். ஆதார் பிரதி, பழைய பேங்க் ஸ்டேட்மெண்ட், செக் போட்டோ போன்றவற்றுக்கு அந்தக் காரணம் எப்போதும் பொருந்தாது. தேவை முடிந்த தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையைப் புதிய சட்டமும் தருகிறது. 2027 வரை காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே கேட்கலாம். சண்டை போடுகிற மாதிரி எழுத வேண்டியதில்லை, இப்படி ஒரு மெயில் போதும்:

“ஐயா, வணக்கம். இந்த வருடத்தில் இருந்து என் வருமான வரிக் கணக்கை வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை செய்த உதவிக்கு நன்றி. உங்கள் போர்ட்டலில் உள்ள என் ஆதார், பான், வங்கி ஆவணங்களில் சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை எவை, எதுவரை வைத்திருப்பீர்கள் என்று தெரியப்படுத்துங்கள். மற்றவற்றை போர்ட்டலில் இருந்தும், ஊழியர்களின் வாட்ஸ்அப், மெயிலில் இருந்தும் நீக்கிவிட்டு, நீக்கியதாக ஒரு பதில் அனுப்பவும். என் லாகினையும் மூடிவிடவும்.”

அனுப்பிவிட்டு, மறக்காமல் வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். அங்கே பதிவாகியிருக்கும் மொபைல் எண்ணும் மெயிலும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். பலருக்கு அதில் இன்னும் பழைய ஆடிட்டர் ஆபீஸின் மெயில்தான் இருக்கும்.